காணாமற்போன எடை

ஆரம்பாக்கத்துக்கு அருகே, பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு நாள் நின்றுகொண்டிருந்தேன். இறால் நிறுக்கும் இடத்தில் ஒரே சச்சரவு. "விடியலிலே பத்துக் கிலோ ஐயா! இப்போ ஒன்பதரைங்கிறார். அரைக் கிலோ எங்கே போச்சு?" என்று ஒரு பெரியவர் என்னை நீதிபதியாக்கிவிட்டார். நீர் வடிந்திருக்கும் என்று சமாதானம் சொன்னேன்.

"வடிஞ்சாலும், போனது எங்கேயாவது இருக்கணுமே!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1938-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் சமயத்தில், ஸ்வீடன் தேசத்துப் பனிக் காட்டில், ஓர் அம்மையாரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்!

லீஸே மைட்னர் என்று பெயர். வயது 60. பெர்லினில் முப்பது வருஷம் ஆராய்ச்சி செய்தவர். யூத குலத்தில் பிறந்த ஒரே காரணத்துக்காக, அவ்வருஷம் ஜூலையில் ஜெர்மனியைவிட்டுத் தப்பி வந்தவர். கூட வேலை செய்த ஆட்டோ ஹான், 'யுரேனியத்தை நியூட்ரானால் தாக்கினால் பேரியம் வருகிறதே, இது என்ன விந்தை?' என்று கடிதத்தில் கேட்டிருந்தார். மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஆட்டோ ஃபிரிஷும் விழுந்து கிடந்த மரமொன்றில் உட்கார்ந்து, காகிதத் துண்டுகளில் கணக்குப் போட்டார்கள். புத்தகம் ஏது? அணுக்களின் எடைக் கணக்கு அம்மையாருக்கு மனப்பாடம்!

யுரேனியத்தின் கரு இரண்டாகப் பிளக்கிறது. துண்டுகளைச் சேர்த்து நிறுத்தால், ஒரு புரோட்டானில் ஐந்தில் ஒரு பங்கு எடை குறைகிறது. அது எங்கே போயிற்று? ஐன்ஸ்டீன் சூத்திரப்படி சக்தியாகிவிட்டது. எவ்வளவு? சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்! இரு துண்டுகளும் மின்சார விலக்கத்தால் ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு பறக்கும் சக்தியைத் தனியே கணக்கிட்டார்கள். அதுவும் அதே 20 கோடி! கரியில் ஓர் அணு எரிந்தால் கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட்தான்.

கணக்கு சரியாயிற்று, உலகந்தான் தவறிப் போயிற்று. 1944-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் கிடைத்தது. அணுகுண்டு வேலைக்கு அழைத்தபோது, மைட்னர் வர மறுத்துவிட்டார். ஆனாலும் 1945 ஆகஸ்டு 6-இல் ஹிரோஷிமா எரிந்தது. அன்று சக்தியாக மாறிய எடை ஒரு கிராம்கூட இல்லை! அதே கணக்கை நம்பித்தான், 1983 ஜூலையில், நமது கடற்கரையிலேயே கல்பாக்கத்தில் முதல் அணு உலை இயங்கத் தொடங்கியது. ஊரை எரிப்பதா, விளக்கை எரிப்பதா என்பது காகிதத் துண்டில் எழுதியிருக்கவில்லை.

இதையெல்லாம் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், "ஒரு கிராமுக்கே அவ்வளவுன்னா, என் அரைக் கிலோவுக்கு யார் பதில் சொல்றது?" என்று கேட்டிருப்பார்.