கடலோரத்துல வீடு, கையில திருப்பூர் சம்பளம்: யாரை நம்பிக் கட்டுறது?

போன வாரம் ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. பின்னாடி ஓவர்லாக் மெஷின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு. அதுக்கு நடுவுல ஒரு பையன் பேசுறார்.

"அண்ணா, எனக்கு ஊர் வேதாரண்யம் பக்கம். பதினோரு வருஷமா திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கேன், இப்போ கட்டிங் மாஸ்டர். கஜா புயல்ல எங்க ஓட்டு வீடு போயிடுச்சு. அம்மா இன்னமும் ஷீட் போட்ட வீட்டுலதான் இருக்காங்க. இப்போதான் காசு சேர்ந்திருக்கு. மூணு கான்ட்ராக்டர்கிட்ட கொட்டேஷன் வாங்கிட்டேன். ஒருத்தர் ரேட்டு ரொம்பக் கம்மி, ஆனா பாதிப் பணம் முன்னாடியே கேட்குறார். யாருகிட்ட குடுக்குறதுண்ணா?"

தம்பி, அந்த மூணு பேரையும் நான் பார்த்ததில்லை. அதனால பேர் சொல்ல முடியாது. ஆனா நீங்க கேட்ட கேள்வியை அந்தக் கடற்கரை ரொம்ப காலமா கேட்டுக்கிட்டு இருக்கு. 2004-க்கு அப்புறம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஒரே நேரத்துல இதே கேள்வி வந்துச்சு. அவங்களுக்கு என்ன நடந்ததுங்கிறதுதான் இன்னைக்கு எபிசோட்.

ஒரே ஊர், ரெண்டு கட்டடம்

முதல்ல தரங்கம்பாடிக்குப் போவோம். உங்க ஊர்ல இருந்து வடக்கே, அதே கடற்கரைதான். அங்க மாசிலாமணிநாதர் கோயில் இருக்கு. 1306-ல, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துல எழுந்த கோயில். கல்வேலை தெரிஞ்ச கைகள் கட்டினது, குறை சொல்ல முடியாது. ஆனா கடல் கொஞ்சம் கொஞ்சமா உள்ள வந்து கோயிலோட முன்பகுதியையே தின்னுடுச்சு.

கொஞ்ச தூரம் நடந்தா டேனிஷ் கோட்டை. 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு, ஓவே கெட்டே தலைமையில வந்த டென்மார்க்காரங்க எழுப்பினது. நாலு நூற்றாண்டு உப்புக்காத்தை வாங்கிக்கிட்டு இன்னமும் நிக்குது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த சுவர். உள்ள இரும்புக் கம்பி கிடையாது. இந்தக் கம்பியை மனசுல வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

கட்டினவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இடம் தப்பா இருந்தா கடல் விடாது. அதனால கான்ட்ராக்டருக்கு முன்னாடி மனையைக் கேளுங்க. 2019 ஜனவரியில வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, மக்கள்தொகை நெருக்கமான கிராமப் பகுதிகள்ல உச்ச அலைக் கோட்டுல இருந்து 50 மீட்டர், மத்த கிராமப் பகுதிகள்ல 200 மீட்டர் வரைக்கும் கட்டுமானம் கூடாத பகுதி. உங்க மனை எங்க விழுதுன்னு தெரியாம கொட்டேஷன் குடுத்த ஆள், உங்க இடத்தைச் சரியா பார்க்கலைன்னு அர்த்தம்.

கட்டினவர் ஒருத்தர், குடியிருந்தவர் ஒருத்தர்

அந்தக் காலத்துல மீனவக் குடும்பம் 'யாரை வெச்சு வீடு கட்டுறது'ன்னு யோசிச்சிருக்காது. மண்ணு, மூங்கில், பனை, தென்னங்கீற்று. சொந்தக்காரங்க சேர்ந்து கட்டுவாங்க, கீற்றை அவங்களே மாத்துவாங்க. ஒழுகினா திட்டுறதுக்கு வேற ஆள் இல்லை. கட்டினவரும் அதுக்குள்ள தூங்கினவரும் ஒரே ஆள்.

2004 டிசம்பர் 26 எல்லாத்தையும் மாத்திடுச்சு. தமிழ்நாட்டுல சுனாமியில அதிகமா உயிர்களை இழந்தது நாகப்பட்டினம் மாவட்டம். 2005 ஜனவரியிலேயே அரசு ஓர் ஆணை போட்டு, வீடு கட்டித் தரத் தொண்டு நிறுவனங்களையும் தனியார் நிறுவனங்களையும் கூப்பிட்டுச்சு. ஒரு வீடு 300-லிருந்து 325 சதுர அடி, செலவு சுமார் 1.5 லட்சம் ரூபாய். உலகம் முழுக்க இருந்து பணம் வந்தது, நல்ல மனசும் வந்தது. அதை மறுக்க முடியாது.

ஆனா கட்டுற வேலை நிறைய இடத்துல கான்ட்ராக்டர் கைக்குப் போச்சு. நன்கொடை குடுத்தவர் ஒரு நாட்டுல, நிறுவனத்தோட ஆபீஸ் ஒரு நகரத்துல, கான்ட்ராக்டர் ஒரு ஊர்ல, குடியிருக்கப் போறவர் தற்காலிகக் கொட்டகையில. கான்ட்ராக்டர் பதில் சொல்ல வேண்டியது காசு குடுத்தவருக்கு. வீட்டுக்காரருக்கு இல்லை.

ஜெனிஃபர் டுயின் பாரன்ஸ்டைன்னு ஓர் ஆய்வாளர் இதைக் கிராமம் கிராமமாப் போய்ப் பதிவு செஞ்சிருக்காங்க. புது வீடுகளுக்கு இடம் வேணும்னு, சுனாமியில தப்பிச்ச நல்ல வீடுகளையே இடிச்சிருக்காங்க. நிழல் தந்த மரங்களை வெட்டியிருக்காங்க. வரிசையா, ஒரே அச்சுல காங்கிரீட் பெட்டிகள். மீனவர் வீட்டுல வலை பின்னணும், மீன் காயணும், சாயங்காலம் வாசல்ல உட்காரணும். மரமும் திண்ணையும் போனா அந்த வாழ்க்கை எங்க நடக்கும்?

அதே நேரத்துல, அதே கடற்கரையில வேற ஒண்ணும் நடந்தது. தரங்கம்பாடியிலயும் சின்னங்குடியிலயும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது சிஃப்ஸ், வீடு கட்டுற வேலையை எடுத்துச்சு. வடிவமைச்சவர் பென்னி குரியாகோஸ், லாரி பேக்கர்கிட்ட வேலை கத்துக்கிட்ட கட்டடக் கலைஞர். அங்க குடும்பங்களோட உட்கார்ந்து பேசி, அவங்க மனைக்கும் வாழ்க்கைக்கும் ஏத்த மாதிரி வீட்டை வரைஞ்சாங்க. சிஃப்ஸ் மீனவர்களோடயே வளர்ந்த அமைப்பு. வேலை முடிஞ்சதும் ஊரை மறந்துட்டுப் போக முடியாது.

இன்னொரு பாடம் குஜராத்ல இருந்து. 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்கு அப்புறம் அந்த மாநிலம் பணத்தைத் தவணை தவணையா வீட்டுக்காரர் கையிலயே குடுத்துச்சு. ஒரு கட்டம் முடிஞ்சு, இன்ஜினியர் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. கொத்தனார்களுக்குப் பயிற்சியும் நடந்தது. பாரன்ஸ்டைன் இந்த ரெண்டு மாநிலத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுத்தான் எழுதியிருக்காங்க. வீட்டுக்காரரே முன்னால நின்னு கட்டின இடங்கள்ல மக்களுக்குத் திருப்தி அதிகமா இருந்திருக்கு.

இப்போ அந்தக் கம்பி

2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறினப்போ, கீற்றும் ஓடும் ஷீட்டும் பறந்துச்சு. அதனால 'காங்கிரீட் போட்டுட்டா போதும்'னு எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. காத்துக்கு அது சரி. ஆனா கடலோரத்துல காங்கிரீட்டுக்கு இன்னொரு எதிரி இருக்கு, சத்தமே போடாது. உப்பு.

உப்பு காங்கிரீட்டுக்குள்ள ஊறிப் போய் கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், உள்ள இருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். சன்ஷேட் அடியில காரை பெயர்ந்து, கம்பி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குமே, அதுதான் இது. சாயப்பட்டறை உப்பு நொய்யலை என்ன பண்ணுச்சுன்னு பார்த்த ஊர்க்காரங்க நாம. உப்பைப் பத்தி நமக்கு யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியதில்லை.

இதுக்கு இந்தியத் தர விதி ஒண்ணு இருக்கு: ஐ.எஸ். 456, 2000-ல வந்த பதிப்பு. பாதிப்பு குறைஞ்ச சூழல்ல கம்பிக்கு மேல 20 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடினா போதும். கடல்காத்து நேரா படுற இடத்துல 45 மில்லிமீட்டர் வேணும். காங்கிரீட்டும் எம்20 போதாது, எம்30 வேணும். எம்30-ஐ பாண்டுக் கணக்குல கலக்கக் கூடாது, லேப்ல மிக்ஸ் டிசைன் பண்ணணும். கலக்குற தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர போர் தண்ணியை டெஸ்ட் பண்ணாம ஊத்தினா, உப்பை நாமளே உள்ள வெச்சுக் கட்டுன மாதிரி.

அதனால மூணு கான்ட்ராக்டர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேளுங்க: "எனக்கு என்ன காங்கிரீட் போடுவீங்க, கம்பிக்கு எவ்வளவு கவர் விடுவீங்க?" ஒருத்தர் "ஒண்ணுக்கு ஒண்ணரைக்கு மூணு, எல்லா ஊருக்கும் அதுதான்"னு சொன்னா, அது எம்20. அவர் ரேட்டு ஏன் கம்மின்னு அங்கேயே புரிஞ்சிடும்.

திருப்பூருக்குத் தெரிஞ்ச வித்தை

தம்பி, நீங்க கட்டிங் மாஸ்டர். பையர் எங்கேயோ ஐரோப்பாவுல உட்கார்ந்திருக்கார், உங்க டேபிளைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர் பணம் பத்திரமா இருக்கு. எப்படி? சாம்பிள் ஓகே ஆகாம பல்க் கட்டிங் கிடையாது. துணியோட ஜி.எஸ்.எம்., ஷ்ரிங்கேஜ் டெஸ்ட் பண்ணாம ரோலை விரிக்க மாட்டீங்க. லைன் ஓடும்போதே ஒரு செக்கிங், பெட்டி தூத்துக்குடிக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு செக்கிங். ஆளை நம்புறார்தான், ஆனா ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு கண்ணு இருக்கு.

இப்போ நீங்கதான் பையர். வீடு சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. அதே வித்தையை அங்க போடுங்க.

சாம்பிள் எதுன்னா, அந்த கான்ட்ராக்டர் கடலோரத்துல பத்து வருஷத்துக்கு முன்னாடி கட்டின ஒரு வீடு. போன வருஷம் கட்டி பெயின்ட் மணக்குற வீட்டைக் காட்டினா வேண்டாம். பழைய வீட்டுக்குப் போய் சன்ஷேட் அடியைப் பாருங்க, மாடிப்படி அடியைப் பாருங்க. முடிஞ்சா அந்த வீட்டு அம்மாகிட்ட ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிச்சுக்கிட்டே, "கூப்பிட்டா வர்றாரா?"ன்னு கேளுங்க.

பணம் குஜராத் மாதிரி. பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சுன்னு கட்டம் கட்டமா. கான்ட்ராக்டருக்கு வேலை கிடைக்காத, தனியா ஃபீஸ் வாங்குற ஒரு சிவில் இன்ஜினியர் வந்து பார்த்த பிறகு அடுத்த தவணை. பாதிப் பணம் முன்னாடியே குடுத்துட்டா, நீங்க சொல்றதைக் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாம போயிடும்.

எல்லாத்தையும் முத்திரைத்தாள்ல எழுதுங்க. காங்கிரீட் தரம், கவர், கம்பி, தண்ணி டெஸ்ட், முடிக்க வேண்டிய தேதி. அடுக்குமாடி வாங்குறவங்களுக்கு 2016 ரியல் எஸ்டேட் சட்டம் அஞ்சு வருஷப் பொறுப்பு வாங்கித் தருது. சொந்த மனையில தனி வீடு கட்டினா அந்தச் சட்டம் துணைக்கு வராது. நுகர்வோர் நீதிமன்றம் போகலாம், வீடு கட்டித் தர்றதும் சேவைதான். ஆனா அங்க பேசப்போறது உங்க ஒப்பந்தப் பத்திரம்தான்.

கடைசியா லைன் செக்கிங். அதுக்கு உங்ககிட்ட ஒரு ஆள் ஏற்கனவே இருக்காங்க, உங்க அம்மா.

இதைச் சொல்றதுக்காக அந்தத் தம்பிக்கு நேத்து போன் பண்ணேன். "அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுண்ணா"ன்னார். கவர் பிளாக்னா என்னன்னு ஒரு தடவை காட்டுங்க போதும்னேன். கம்பி கட்டி முடிச்சதும், காங்கிரீட் ஊத்துறதுக்கு முன்னாடி, கம்பிக்கு அடியில அந்தக் கட்டை இருக்கான்னு பார்த்து ஒரு போட்டோ. அவ்வளவுதான் வேலை. திண்ணை எந்தப் பக்கம் வேணும்னு அவங்ககிட்ட கேட்டாச்சான்னும் கேட்டேன். கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், "இன்னும் கேட்கலைண்ணா, இன்னைக்கு ராத்திரி கேட்குறேன்"னு சொன்னார்.

வீடு எழும்பினதும் போட்டோ அனுப்புறேன்னு சொல்லியிருக்கார். வந்தா உங்களுக்கும் சொல்றேன். உங்க ஊர் பழைய வீட்டை யார் கட்டினாங்கன்னு தெரியுமா? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.