நித்தியகல்யாணி தந்த ஊசி

ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்று உலகெங்கும் போடப்படும் வின்கிறிஸ்டின், சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப்போய்க் கிடைத்தது.

1952-இல் கனடா மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு ஜமைக்காவிலிருந்து ஓர் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். நம்மூரில் சுடுகாட்டு மல்லி என்றும் சொல்கிற நித்தியகல்யாணிதான். சர்க்கரை நோய்க்கு அங்கே அதைக் கஷாயம் வைத்துக் குடித்தார்கள். அவர் இலைகளைத் தம்பி ராபர்ட்டிடம் கொடுத்தார். எலிகளுக்குச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தும் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் கிருமித் தொற்றில் செத்தன. ரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. ரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் பெருகுவதும் இந்த அணுக்கள்தாம். தோற்றுப்போன சோதனை என்று மூடிவைக்காமல், வெள்ளணுக்களைக் குறைப்பது எது என்று ராபர்ட் தேடினாரே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அவர் பிரித்தெடுத்தது வின்பிளாஸ்டின். அதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் வின்கிறிஸ்டின் கிடைத்தது. 1963-இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

செல் இரண்டாகப் பிரிய, உள்ளே நுண்குழல்கள் உருவாக வேண்டும். அவை உருவாகாமல் வின்கிறிஸ்டின் தடுப்பதால் புற்றுச்செல் பிரிய வழியின்றிச் சாகிறது. நரம்புச்செல் பிரிவதில்லை, ஆனால் அதன் நீண்ட இழைக்குள் சரக்கு போய்வரும் தண்டவாளம் இதே நுண்குழல்கள்தாம். நோயைத் தீர்க்கும் செயலே நரம்பையும் வருத்துகிறது. காலுக்குப் போகும் நீளமான நரம்புகள் முதலில் அடிவாங்கும். பாதம் மரத்துப்போகும்; முன்பாதத்தைத் தூக்க முடியாமல் குழந்தை இடறும். தாடை வலிக்கும், மலம் கட்டும், சிலருக்கு இமை தொங்கும். ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை என்ற வழக்கம் இதனால் வந்தது. ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டிய இம்மருந்து தவறித் தண்டுவடத்தில் போனால் பெரும்பாலும் உயிரே போய்விடும். அதனால்தான் சிரிஞ்சுக்குப் பதில் சிறு பையில் கலந்து ஏற்றும்படி உலக சுகாதார நிறுவனம் 2007-இல் எச்சரித்தது.

மருந்து நின்ற சில மாதங்களில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகிறார்கள். சிலருக்குக் கால் பலவீனம் நீடிக்கிறது. பெற்றோரே, பிள்ளை இடறினாலோ, படியேறத் தயங்கினாலோ, இரண்டு நாள் மலம் போகாவிட்டாலோ அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். சில பூஞ்சைக்கொல்லி மாத்திரைகள் இந்தப் பாதிப்பைக் கூட்டும். கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். பயந்து சிகிச்சையை நீங்களாக நிறுத்தியும்விடாதீர்கள்.