கீலா நதியும் நீரிழிவும்

நீரிழிவு நுழையாத இல்லம் இன்று நம்மிடையே அரிது. நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும், அழுகற் புண்கள் தோன்றுவதையும் இப்னு ஸீனா ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமது ‘அல்கானூன்’ நூலில் குறித்துச் சென்றார். நோய் ஆள் பார்த்து வருவதில்லை என்பார்கள். வைத்தியமோ பெரும்பாலும் ஆள் பார்த்தே வந்திருக்கிறது. அமெரிக்காவின் அரிஜோனா மாநிலத்து வரலாறு இதற்குச் சான்று.

செவ்விந்தியர் என்று நம் பழைய பாடநூல்கள் அழைத்த பூர்வகுடிகளுள் பீமா இனத்தாரும் அடங்குவர். அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘அக்கிமெல் ஓதாம்’. ஆற்று மக்கள் என்பது அதன் பொருள். பாலை நிலத்தில் கீலா நதியை வாய்க்கால்களில் பாய்ச்சி மக்காச்சோளமும் பயறும் பூசணியும் விளைவித்தவர்கள் அவர்கள். தங்கம் தேடிக் கலிபோர்னியா சென்ற வழிப்போக்கர்களுக்குக் கோதுமை கொடுத்துப் பசியாற்றியவர்களும் அவர்களே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நதியின் மேற்புறத்தே குடியேறிய வெள்ளையர் நீரைத் தம் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டனர். ஆறு வறண்டது, பஞ்சம் வந்தது. நாளடைவில் அரசு வழங்கிய வெள்ளை மாவும் சர்க்கரையும் பன்றிக் கொழுப்பும் பயறு இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன.

நீரிழிவு நிபுணர் ஜோஸ்லின் 1940இல் வெளியிட்ட அரிஜோனா ஆய்வில், பூர்வகுடியினரிடம் இந்நோய் மற்றவர்களைவிட மிகுதியாகக் காணப்படவில்லை. 1963இல் முடக்குவாதத்தை ஆராய வந்த மருத்துவர்கள் கண்டதோ வீடுதோறும் நீரிழிவு. 1965இல் தொடங்கிப் பல்லாண்டுகள் நடந்த ஆய்வு, முப்பத்தைந்து வயது கடந்தோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இந்நோய் இருப்பதைக் காட்டிற்று. குளுக்கோஸ் பருகிய இரண்டு மணி நேரத்திற்குப் பின் இரத்தத்தில் 200 மில்லிகிராம் சர்க்கரை இருந்தால் நீரிழிவு என உலகம் இன்று கொள்ளும் அளவுகோல் உருவாக அம்மக்களின் குருதி பெரிதும் உதவியது. குருதி கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

குற்றம் அவர்தம் பிறப்பில் இருப்பதாகப் பேசுவது எளிதாயிருந்தது. ஜேம்ஸ் நீல் 1962இல் முன்வைத்த ‘சிக்கன மரபணு’க் கருத்து அதற்குத் துணை நின்றது. ஆனால் அதே இனத்தார் மெக்சிகோ மலைப்பகுதியிலும் வாழ்கின்றனர், கையால் உழுது உண்கின்றனர். 2006இல் வெளிவந்த ஒப்பீட்டின்படி அவர்களிடையே நீரிழிவு நூற்றுக்கு 6.9, அரிஜோனாவிலோ 38!

2002இல் அமெரிக்க மருத்துவக் கழகம் தந்த அறிக்கை, வருவாயும் காப்பீடும் சமமாக இருந்தபோதும் சிறுபான்மை இனத்தார் பெற்ற சிகிச்சையின் தரம் தாழ்ந்திருந்ததை எடுத்துரைத்தது. ஹஜ்ஜத்துல் விதாவில் அண்ணலார் (ஸல்) அகற்றிய நிறப்பெருமை மருத்துவமனைக் கூடங்களில் ஒளிந்துகொண்டிருந்தது போலும்.

ஆயினும் மாற்றம் நிகழ்ந்தது. பூர்வகுடியினருக்கெனத் தனி நீரிழிவுத் திட்டத்தை அமெரிக்கப் பேரவை 1997இல் ஏற்படுத்திற்று. சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து, தவறாத பரிசோதனை, நோயாளியின் வீட்டுக்கே சென்று நலம் கேட்கும் ஊழியர் என எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நாடெங்குமுள்ள பூர்வகுடியினரிடையே நீரிழிவால் நேரும் சிறுநீரகச் செயலிழப்பு 1996க்கும் 2013க்கும் இடையில் 54 விழுக்காடு குறைந்தது. அதே மக்கள், அதே குருதி.

2004இல் நீரும் மீண்டது. கீலா நதிச் சமூகத்தாருக்கு ஆண்டுதோறும் 6,53,500 ஏக்கர்-அடி நீருக்குச் சட்டம் உரிமை வழங்கிற்று. வாய்க்கால்கள் புதுப்பிக்கப்பட்டு வருகின்றன. சில வயல்களில் முன்னோர் உண்ட பயறு மறுபடியும் விளைகிறது.