ஓசையும் உழைப்பும்

திரையிலே குதிரை பாய்கிறது. குளம்பொலி கேட்டு நாம் மெய்சிலிர்க்கிறோம். அவ்வொலி பலவேளைகளில் சிரட்டைகளைத் தட்டிய தொழிலாளியினது என்பதை எண்ணுவோர் சிலரே.

1929இல், மௌனப்படமாக எடுக்கப்பட்ட ‘ஷோ போட்’, பேசும்படங்களின் போட்டியினால் ஒலி பெற வேண்டியதாயிற்று. யூனிவேர்சல் கலையகத்து ஊழியரான ஜக் ஃபோலி அப்பணியிற் பங்குகொண்டார். ஓடும் படத்தைப் பார்த்தவாறே, நடிகரின் அடிக்கு அடி தாமும் நடந்து காலடியோசை எழுப்புவதே அவர் வளர்த்த முறை. அடிமைகளின் எழுச்சியைக் கூறும் ‘ஸ்பாட்டக்கஸ்’ (1960) படத்தின் உலோக ஒலிகளைத் திறப்புக்கோவை குலுக்கியே உண்டாக்கினார் என்பர். இன்று அத்தொழிலே அவர் பெயரால் வழங்குகிறது. ஆயினும், 1967இல் மறையும்வரை அவர் உழைத்த படங்களின் பெயர்ப்பட்டியல்களில் அவருக்கு இடம் கிட்டியது மிக அரிது. உழைப்பை ஏற்ற முதலாளித்துவம் உழைத்தவனை மறைத்தது.

இன்று நம் மாணவரும் படமெடுக்கின்றனர். சுள்ளியை முறித்து எலும்பு முறியும் ஓசையைப் பதிகின்றனர். வேண்டாததை வெட்டிக் காட்சியோடு இணைக்கின்றனர். விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்திற் சில சட்டகங்கள் பிசகினும் பொய் வெளிப்பட்டுவிடும். அத்துணைப் பொறுமை வேண்டும் வேலை அது.

அவர்தம் படத்தின் இறுதியில் சிரட்டை தட்டியோர் பெயரும் இடம்பெறட்டும். ஆசிரியராகிய நாம் அதனை வற்புறுத்துதல் கடன்.