அமைச்சர்கள் விளையாடிய கதை

விடுமுறை நெருங்கிவிட்டால் சில பெற்றோர் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "சார், பிள்ளைக்கு ஏதாவது விளையாட்டுச் சாமான் வாங்கலாம் என்றிருக்கிறோம். விளையாடினாற் போலவும் இருக்க வேண்டும், அறிவு வளர்ந்தாற் போலவும் இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?" இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதுகூடவா தெரியாமல் இருக்கும் என்பது அவர்கள் எண்ணம். இந்தக் கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதை நம்பியே ஒரு பெருந்தொழில் நடந்து வந்திருக்கிறது.

முதலில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குச் செல்வோம். அங்கே இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வணிகரிடம் கணக்கெழுதி வந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. தம் பிள்ளைகளுக்காக உலோகத் தகட்டை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி முதலியவற்றை வீட்டிலேயே செய்து கொடுப்பார். ஆனால் ஒவ்வொரு பொம்மைக்கும் புதிதாகத் துண்டுகள் வெட்ட வேண்டியிருந்தது. எல்லாத் தகடுகளிலும் ஒரே இடைவெளியில் துளையிட்டு, மரையாணியால் முடுக்கினால் என்ன? இன்று பாலத்தில் இருக்கும் துண்டு நாளை பாரந்தூக்கியிலும் பொருந்துமே! துளைக்குத் துளை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். 1901இல் காப்புரிமை பெற்றார். 1907இல் 'மெக்கானோ' என்ற பெயரும் பதிவாயிற்று. அவர் கண்டுபிடித்தது ஒரு பொம்மையை அன்று, ஓர் அளவை என்றுதான் நான் சொல்வேன்.

அமெரிக்காவில் இதே வழியில் வந்தவர் ஆல்ஃபிரட் கார்ல்ட்டன் கில்பர்ட். விசித்திரமான மனிதர். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் தங்கப் பதக்கத்தைப் பகிர்ந்துகொண்டவர். யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்துத் தேறிவிட்டு, மருத்துவம் பார்க்காமல் ஜாலவித்தைப் பெட்டிகள் விற்றவர். ரயிலில் நியூயார்க் செல்லும்போது, இருப்புப் பாதையை மின்மயமாக்க எஃகுத் தூண்கள் எழுப்பப்படுவதைக் கண்டார். 1913இல் 'இரெக்டர்' பெட்டி கடைக்கு வந்தது.

1918ஆம் ஆண்டு. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியிருந்த காலம். கிறிஸ்துமஸ் பரிசுகள் வாங்குவதையும் விற்பதையும் தடுத்துவிடலாமா என்று தேசப் பாதுகாப்புக் கவுன்சில் ஆலோசித்தது. பொம்மை உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவராக இருந்த கில்பர்ட், பொம்மைகளை மூட்டை கட்டிக்கொண்டு வாஷிங்டன் சென்றார். விளையாட்டுச் சாமான்கள்தாம் நாளைய பொறியாளர்களையும் போர்வீரர்களையும் உருவாக்குகின்றன என்று அமைச்சர்கள் முன் வாதிட்டார். காற்றுத் துப்பாக்கியும் அவருடைய வாதத்தில் இடம் பெற்றது என்பதை இன்று படிக்கும்போது சற்று நெருடுகிறது. பிறகு மூட்டையைப் பிரித்தார். கடற்படை அமைச்சர் ஜோசபஸ் டேனியல்ஸ் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் பொம்மையை விடவே மனமில்லாமல் இருந்தாராம்! இக்கதை பெரும்பாலும் கில்பர்ட் தரப்பிலிருந்தே நமக்குக் கிடைத்தது. ஆகவே கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். தடை வரவில்லை என்பது மட்டும் உறுதி.

பயனைப் பற்றிய பேச்சு வென்றதா, பொம்மை வென்றதா? பொம்மைதான் என்பது என் கட்சி. ஆனால் கடைக்காரர்கள் கற்றுக்கொண்டது பேச்சைத்தான். 'இதை வாங்கினால் உங்கள் பிள்ளை விஞ்ஞானி ஆவான்' என்ற வாசகம் அன்று முதல் பெட்டிகளின் மேல் ஒட்டிக்கொண்டது. 'ஆவான்' என்பதையும் கவனியுங்கள்; கில்பர்ட்டின் விளம்பரங்கள் பையன்களையே விளித்தன. 1950களில் பெண்களுக்கென்று அவர் நிறுவனம் தந்தது இளஞ்சிவப்புப் பெட்டியில் 'ஆய்வகத் தொழில்நுட்பர்' தொகுப்பு. விஞ்ஞானி அன்று, உதவியாளர்!

அதே நிறுவனம் 1950இல் ஓர் அணு ஆய்வகப் பெட்டியை வெளியிட்டது. விலை 49.50 டாலர். கைகர் எண்ணி, ஆல்பாத் துகள்களின் தடங்களைக் காட்டும் முகில் கலம், கூடவே உண்மையான யுரேனியத் தாது நான்கு புட்டிகளில்! இன்று எந்தத் தகப்பனாரும் இதை வீட்டுக்குள் விடமாட்டார். ஆனால் அது 1951இலேயே நின்றுபோனது கதிரியக்க அச்சத்தால் அன்று. விலை அதிகம், சிறுவர்க்குக் கடினம். எனக்குப் படும் காரணம் இன்னொன்றும் உண்டு: துகளின் தடத்தைக் கண்டு வியந்தபின் குழந்தை தானாகச் செய்வதற்கு அதில் அதிகம் இல்லை.

மெக்கானோவின் கதையோ வேறு. 1934இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீயும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் வகைக்கெழுச் சமன்பாடுகளைத் தீர்க்கும் ஓர் இயந்திரத்தைப் பெரும்பாலும் மெக்கானோ துண்டுகளாலேயே கட்டினார்கள். செலவு ஏறத்தாழ 20 பவுன். சுழலும் ஒரு தட்டின் மேல் சிறு சக்கரம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டின் மையத்தில் சக்கரம் இருந்தால் அது சுழலாது. விளிம்பை நோக்கி நகர நகர வேகமாகச் சுழலும். மையத்திலிருந்து உள்ள தொலைவை நாம் மாற்றிக்கொண்டே போனால், சக்கரம் சுற்றிய மொத்தச் சுற்றே தொகையீட்டின் விடை! துல்லியம் 2 சதவீத அளவில் இருந்தது. அணு அமைப்புக் கணக்குகளுக்கே அது பயன்பட்டது.

இரெக்டரும் சளைத்ததன்று. யேல் மருத்துவ மாணவர் வில்லியம் சீவெல், 1949இல் அதன் மோட்டாரையும் துண்டுகளையும் கொண்டு ஓர் இரத்த பம்பு செய்தார். ஒரு நாயின் இதயத்தின் வலப் பக்க வேலையை அது ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தது. அந்த பம்பு இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. இதய பம்பு செய்வது எப்படி என்று எந்தப் பெட்டியின் கையேட்டிலும் எழுதியிருக்கவில்லை.

ஆகவே பெற்றோரிடம் நான் பெட்டியின் பெயர் எதையும் சொல்வதில்லை. "செய்து முடித்ததை முழுவதும் கழற்றி வேறொன்று செய்ய முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள், முடிந்தால் ஒரு மாலை நீங்களும் கூடத் தரையில் உட்காருங்கள்" என்கிறேன். சென்ற முறை ஓர் அம்மையார், "கழற்றிக் கழற்றி மாட்டினால் துண்டுகள் தொலைந்து போகாதா சார்?" என்று கேட்டார்.

தொலையத்தான் செய்யும். துளைக்குத் துளை இடைவெளி ஒன்றாக இருந்தால், வேறொரு துண்டு அங்கே பொருந்தும்.