மைனா பிறந்த சரிவு

போடியிலிருந்து வரும் பஸ் குரங்கணியோடு நின்றுவிடும். மேலே சென்ட்ரல், டாப் ஸ்டேஷன் என்னும் மலையூர்களுக்குப் போக வேண்டுமானால் நடைதான். 1924 வெள்ளத்துக்கு முன்பு மூணாறு தேயிலை இந்தச் சரிவு வழியே கம்பிவடத்தில் தொங்கி இறங்கி, மாட்டுவண்டி ஏறிப் போடிக்குப் போனது. தேயிலைக்கு வழி செய்தவர்கள் மலைக்குடிகளுக்கு ரோடு போடவில்லை. அவர்களுடைய அரிசியும் உப்பும் தலைச்சுமையாகவோ குதிரை முதுகிலோ ஏறின. 2010 நவம்பர் 5, தீபாவளியன்று வெளியான ‘மைனா’ படம் உருவானது இங்கேதான்.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘லாடம்’ இயக்குநர் பிரபு சாலமனுக்குக் கைகொடுக்கவில்லை. அடுத்த படத்துக்கு அவர் பெரிய நட்சத்திரத்தைத் தேடவில்லை. விதார்த், அமலா பால், தம்பி ராமையா, ஒளிப்பதிவாளர் சுகுமார் ஆகியோரோடு இந்த மலைக்கு வந்தார். வண்டி போகாத இடத்துக்குக் கேமராவும் ஆள் தோளில்தானே போயாக வேண்டும்!

படத்தில் சுருளி தன் படிப்பை விட்டுவிட்டு, உழைத்து மைனாவைப் படிக்கவைக்கிறான். அந்தப் படிப்பே அவளை அவனுக்கு எட்டாதவளாக்கிவிடுகிறது. படிக்காதவனுக்குப் பெண் கொடுக்க மைனாவின் தாய்க்கு மனமில்லை. அவளை வில்லியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற எந்தத் தாயும் மகளாவது சுமை தூக்கக் கூடாது என்றுதான் நினைப்பாள்.

மார்செல் கார்னேயின் 1945ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படம் ‘லெ சான்ஃபான் து பாரதி’யிலும் இதே வலிதான். ஊமைக்கூத்துக்காரன் பாப்தீஸ்த் நேசிக்கும் காரான்ஸ், ஒரு பிரபுவின் நிழலில் ஒதுங்குகிறாள். பழைய பாரிஸின் நாடகத் தெருவைக் கார்னே நீஸ் நகரில் செட்டாக எழுப்பினார். அந்தத் தெருவின் நாடகக் கொட்டகையில் காசில்லாதவர்களுக்கு இடம் உச்சி மாடத்தில். குரங்கணியிலும் ஏழைகள் உச்சியில்தான். ‘மைனா’வுக்குச் செட் எதுவும் தேவைப்படவில்லை.

‘மைனா’வில் ஜெயிலிலிருந்து தப்பிய சுருளியைப் பிடிக்க மலையேறும் ஜெயில் அதிகாரிக்கு அது தலை தீபாவளி. மனைவி வீட்டில் அவருக்குக் காத்திருப்பது கோபம். கைதிக்கு மைனாவிடம் கிடைப்பது அன்பு. பள்ளத்தில் சரியும் பஸ்ஸிலிருந்து அந்தக் கைதியே அவரைக் காப்பாற்றும்போது அவர் மாறிப்போகிறார். படத்தின் உயிர் அந்த இடத்தில் இருக்கிறது. தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது கிடைத்தது சரியே. ஆனால், முடிவில் அத்தனை கொலைகள் வேண்டியிருக்கவில்லை. ஒரு தாய் பயந்துபோய்ச் சொன்ன ‘மாட்டேன்’ போதும், அந்தக் காதலின் துயரத்துக்கு.