தடம்

சூளகிரிப் பக்கத்து ராகி வயலில் இரவில் யானை இறங்கிப் போனால், விடியற்காலையில் விவசாயி ஈர மண்ணில் குனிந்து தேடுவது அதன் தடத்தைத்தான். அடிச்சுவட்டைச் சுட்டும் அச்சொல்லே, பலரும் நடந்து நடந்து பதிந்த பாதையையும் சுட்டி, வண்டி 'தடம் புரண்டது' என்னும்போது இருப்புப்பாதையையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. இரயில்வே கால அட்டவணையைக் கணினியில் வகுப்போர், ஓசூர், கெலமங்கலம், இராயக்கோட்டை, பாலக்கோடு, தருமபுரி என நிலையங்களை வரிசை பிறழாமல் தூரக் கணக்கோடு கோத்து வைத்த பிறகே, ஒவ்வொரு வண்டியின் பிரயாணமும் காலத்தின்மீது ஒரு சாய்கோடாக விழுகிறது; ஆங்கிலத்தில் 'காரிடார்' எனப்படும் அக்கோவையைத் தாழ்வாரம் என்று பெயர்ப்பது பிழை, வழித்தடம் என்பதே சாலப் பொருந்தும்.  யானைத் தடம் பதியும் சூளகிரிக்கோ இன்றும் இரயில் நிலையம் இல்லை.